ஈட்டியும் புயலும்: கிரேக்கத் துன்பியலில் தற்செயலும் தீர்ப்பும்

ஏதென்ஸ் நகரின் தலைவராக விளங்கிய பெரிக்கிளிஸ், புரொத்தகோரஸ் என்ற தத்துவ ஆசிரியருடன் ஒரு முழு நாளையும் ஓர் ஈட்டியைப் பற்றி விவாதிப்பதிலேயே கழித்தார் என்று புளூட்டாக் எழுதியிருக்கிறார். விளையாட்டுப் போட்டியொன்றில் ஒருவர் எறிந்த ஈட்டி, பார்சலஸ் என்ற ஊரைச் சேர்ந்த எப்பிட்டிமஸ் என்பவர் மீது பட்டு அவர் இறந்துவிட்டார். எறிந்தவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. அப்படியாயின் இந்த மரணத்துக்குக் காரணம் ஈட்டியா, எறிந்தவரா, போட்டியை நடத்தியவர்களா? இதுவே விவாதம். பெரிக்கிளிஸின் மூத்த மகன் சாந்திப்பஸ் தந்தையைப் பகிடி பண்ணுவதற்காக இக்கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானாம். புளூட்டாக் ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்குப் பின் எழுதியவர். ஆதலால் கதை அப்படியே நடந்ததா என்பதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அது எழுப்பும் கேள்வி அந்தக் காலத்துக்கே உரியது.

வேலையற்றோரின் வீண் பேச்சு என்று சாந்திப்பஸுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் மக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மனிதன் எண்ணிச் செய்தவற்றுக்கு மட்டும்தான் பொறுப்பாளியா, அல்லது அவனது கை வழியாக நடந்துவிட்ட அனைத்துக்குமே பொறுப்பாளியா? அந்நகரம் இக்கேள்வியை நீதிமன்றத்தில் கேட்டது. நாடக அரங்கிலும் கேட்டது. ஒருமுறை அதனைக் கேட்க மறந்து தன் தளபதிகள் ஆறு பேரைக் கொன்றது. இம்மூன்றையும் ஒன்றாக வைத்து நோக்கும்போதுதான் கிரேக்கத் துன்பியலில் தற்செயலுக்குள்ள இடம் தெளிவாகின்றது என்பது என் கருத்து.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவை. 'டியூக்கே' என்பது கிரேக்கச் சொல். வந்து வாய்த்தது, நேர்ந்தது என்பது அதன் அடிப்படைப் பொருள். அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அதிர்ஷ்டம் என்று பெயர்த்தால் லொத்தர்ச் சீட்டின் வாடை வந்துவிடுகிறது. விதி என்றால் முன்பே எழுதப்பட்டது என்ற கருத்து ஏறிவிடுகிறது. அதற்குக் கிரேக்கரிடம் 'மொய்ரா' என்ற வேறொரு சொல் இருந்தது. எனவே பெரும்பாலும் தற்செயல் என்ற சொல்லையே கையாள்கிறேன். மனிதனின் அறிவுக்கும் முயற்சிக்கும் வெளியே நின்றுகொண்டு அவனது செயலின் விளைவைத் தீர்மானித்துவிடுவது எதுவோ அதுவே இங்கு தற்செயல்.

சட்டம் வகுத்த வழி

கி.மு. 621 அளவில் ஏதென்ஸ் நகருக்குச் சட்டங்களை எழுதிக் கொடுத்தவர் திராக்கோ. அவரது கடுமை உலகறிந்தது. ஆயினும் கொலை பற்றிய அவரது சட்டத்தைப் பிற்காலத்தவர் கைவிடவில்லை. கி.மு. 409/408இல் அதனை மீண்டும் கல்லில் பொறித்து வைத்தார்கள். சிதைந்த நிலையில் அக்கல்வெட்டு இன்றும் ஏதென்ஸ் நகரின் கல்வெட்டு நூதனசாலையில் இருக்கிறது. அதன் தொடக்கமே எண்ணாமல் செய்த கொலையைப் பற்றியதுதான். அவ்வாறு கொன்றவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இறந்தவரின் தந்தை, சகோதரர், புதல்வர் அனைவரும் இணங்கினால் அவருக்கு மன்னிப்பு உண்டு. அவர்களுள் ஒருவர் மறுத்தாலும் மறுத்தவரின் சொல்லே செல்லும். நெருங்கிய உறவினர் எவருமே இல்லாதபோது என்ன செய்வது என்பதையும் சட்டம் மறக்கவில்லை. அது எண்ணாத கொலைதான் என்று 51 நடுவர்கள் தீர்மானித்தால், இறந்தவரின் குலக்குழுவைச் சேர்ந்த பத்துப் பேர் விரும்பி அவரை உள்ளே வர விடலாம்.

கொலை வழக்குகளை விசாரிக்க ஏதென்ஸ் நகரில் ஒன்றுக்கு ஐந்து மன்றங்கள் இருந்தன. அரிஸ்டோட்டிலின் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸ் நகரின் அரசியலமைப்பு' என்ற நூல் அவற்றை வரிசைப்படுத்துகின்றது. நெடுங்காலம் தொலைந்து கிடந்த இந்நூல் எகிப்தியப் பப்பைரஸ் சுருள்களிலிருந்து மீட்கப்பட்டு 1891இல் வெளியிடப்பட்டது. எண்ணிச் செய்த கொலைக்கு அரியோப்பகஸ். எண்ணாமல் செய்ததற்குப் பல்லாடியோன். போரில் ஆள் தெரியாமல் சொந்தப் படையினரைக் கொல்லுதல், விளையாட்டில் எதிராளி இறந்துபோதல் போன்ற, சட்டம் பொறுத்துக்கொள்ளும் கொலைக்கு டெல்பினியோன்.

மற்ற இரண்டும் விசித்திரமானவை. எண்ணாத கொலைக்காக ஏற்கெனவே நாடு கடந்து சென்ற ஒருவர் மீது வேறொரு கொலைக் குற்றச்சாட்டு வந்தால், அவர் நாட்டு மண்ணை மிதிக்க முடியாது. எனவே கரையோரம் நிறுத்தப்பட்ட படகில் நின்றபடி அவர் தன் வாதத்தைச் சொல்ல, நடுவர்கள் கரையில் இருந்து கேட்பார்கள். இது பிரியாட்டோ. ஐந்தாவது மன்றமான பிரித்தனியோனில் மனிதர்கள் அல்ல, பொருள்களும் விலங்குகளுமே விசாரிக்கப்பட்டன. ஒருவர் மீது விழுந்து உயிரைப் பறித்த கல்லோ மரமோ இரும்போ குற்றவாளியாகக் காணப்பட்டு நாட்டின் எல்லைக்கு அப்பால் வீசப்பட்டது.

கல்லை விசாரிப்பது இன்றைக்குச் சிரிப்பூட்டலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஓர் உணர்வு இருந்தது. ஓர் உயிர் போய்விட்டது. எவரும் எண்ணிச் செய்யவில்லை என்பதற்காக எதுவுமே நடவாததுபோல் ஊர் இருந்துவிட முடியுமா? இரத்தம் சிந்தியவரை ஒரு கறை பற்றிக்கொள்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். அதனை 'மியாஸ்மா' என்றார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் சந்தைக்கும் கோயில்களுக்கும் வரக்கூடாது என்று பகிரங்க அறிவித்தல் செய்வது வழக்கம். எண்ணத்தைப் பார்த்துத் தண்டனையைக் குறைக்கச் சட்டம் கற்றிருந்தது. கறையை மட்டும் அதனால் முற்றாகக் கழுவ முடியவில்லை.

அந்திபோன் என்ற பேச்சுக்கலை வல்லுநரின் பெயரில் சில மாதிரி வழக்குரைகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று ஈட்டி வழக்குத்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் இளைஞன் ஒருவன் ஈட்டி எறிந்து பழகுகிறான். ஒரு சிறுவன் குறுக்கே ஓடி வந்து அதில் அகப்பட்டு இறந்துபோகிறான். இளைஞனுக்காக அவனது தந்தை பேசுகிறார். தோழர்கள் செய்ததையே என் மகனும் செய்தான், எறிய வேண்டிய இடத்தில் எறிந்தான், பாதைக்குள் ஓடி வந்த பிள்ளையே தன் மரணத்துக்குக் காரணமாகிவிட்டது என்பது அவரது வாதம். இறந்த பிள்ளையின் தந்தை எழுந்து பதில் சொல்கிறார். என் பிள்ளை எதையும் எறியவில்லையே, இறந்து கிடப்பவனையே கொலைகாரன் ஆக்குகிறீர்களே என்று அவர் பதறுகிறார். இரு தரப்புக்கும் இரண்டிரண்டு உரைகள். பயிற்சிக்காக எழுதப்பட்டவை ஆகையால் தீர்ப்பு எழுதப்படவில்லை. வாசித்து முடித்தபின் இரு தந்தையருள் எவரையும் பொய்யர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

முச்சந்தியில் நடந்தது

இத்தகைய வழக்குகளைக் கேட்டுப் பழகிய அதே மக்கள்தான் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் அமர்ந்து நாடகம் பார்த்தார்கள். சோபோக்கிளிஸின் 'ஈடிப்பஸ் மன்னன்' அங்கு அரங்கேறியபோது அதற்கு இரண்டாம் இடமே கிடைத்தது என்று பழைய குறிப்பொன்று கூறுகிறது.

கதை நம்மில் பலர் அறிந்ததே. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று சொல்லப்பட்ட குழந்தை மலையில் விடப்படுகிறது. இரக்கப்பட்ட இடையன் ஒருவன் அதனை இன்னோர் இடையனிடம் கொடுக்க, அது கொரிந்து நாட்டு மன்னனின் பிள்ளையாக வளர்கிறது. விருந்தொன்றில் குடிகாரன் ஒருவன் உளறிய வார்த்தையால் ஈடிப்பஸுக்குத் தன் பிறப்பில் சந்தேகம் உண்டாகிறது. டெல்பிக்குச் சென்று கேட்கிறான். அங்கு அச்சமூட்டும் அந்த வாக்கைக் கேட்டதும், கொரிந்துக்கு இனித் திரும்புவதில்லை என்று முடிவு செய்து எதிர்த்திசையில் நடக்கிறான். தந்தையென்றும் தாயென்றும் தான் நம்பியவர்களைக் காப்பாற்ற நாட்டையும் அரசுரிமையையும் துறந்து செல்கின்ற மகன் அவன். அந்த நல்லெண்ணத்தின் பாதையில்தான், மூன்று தெருக்கள் சந்திக்கும் ஓரிடத்தில், தேரில் வந்த முதியவர் ஒருவர் அவனைத் தலையில் அடிக்கிறார். அவன் திருப்பி அடிக்கிறான். முதியவர் இறந்துபோகிறார்.

ஒரு நாழிகை முந்தியோ பிந்தியோ வந்திருந்தால் இருவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். சோபோக்கிளிஸ் இதனை நன்கு உணர்ந்தே எழுதியிருக்கிறார். மனித வாழ்வைத் தற்செயலே ஆளுகிறது, ஆகவே வருவது வரட்டும் என்று வாழ்வதே மேல் என்று யொக்காஸ்தாவைப் பேச வைக்கிறார். உண்மை வெளிப்படுவதற்குச் சற்று முன்னர் ஈடிப்பஸ் தன்னைத் தற்செயலின் பிள்ளை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். இன்னும் ஒன்று: மன்னனின் கொலையாளி எவனாயினும் அவனை ஒருவரும் வீட்டில் சேர்க்கக்கூடாது, அவனுடன் பேசக்கூடாது என்று நாடகத் தொடக்கத்தில் அவனே பிரகடனம் செய்கிறான். ஏதென்ஸ் மக்களுக்கு அது தங்கள் நகரில் கேட்டுப் பழகிய அறிவித்தலின் குரலாகவே ஒலித்திருக்கும்.

பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளிடம் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம், "சேர், அப்ப ஈடிப்பஸ் செய்த பிழை என்ன?" என்று எவராவது கேட்காமல் விடுவதில்லை. கையில் இருக்கும் குறிப்புகளில் விடையும் இருக்கும்: கோபம், ஆணவம், அவசரம். துன்பியல் நாயகனின் குணக்குறை என்று அதற்கு ஒரு தலைப்பும் இருக்கும். பரீட்சைக்கு அது உதவுகின்றது. ஆனால் முன்கோபம் உள்ளவர்கள் எத்தனையோ பேர் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுள் எவரும் தந்தையைக் கொல்லவில்லை. கோபத்துக்கும் நேர்ந்த அழிவுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தக் குணக்குறையாலும் நிரப்ப முடியாது.

இக்குணக்குறை வாதத்துக்கு அரிஸ்டோட்டிலைச் சாட்சிக்கு அழைப்பதும் பொருத்தமில்லை. கவிதையியல் நூலில் அவர் கையாண்ட 'ஹமார்த்தியா' என்ற சொல் குறி தவறுதலைச் சுட்டும் சொல்லோடு பிறந்தது. கெட்ட குணம் என்று அதற்குப் பொருளில்லை. அறவியல் நூலில் அவர் மூன்றைப் பிரித்துக் காட்டுகிறார். எவரும் எதிர்பார்க்க முடியாத விதத்தில் தீங்கு நேர்ந்தால் அது துரதிர்ஷ்டம். எதிர்பார்த்திருக்கக் கூடியதாயினும் தீய எண்ணமின்றி நேர்ந்தால் அது தவறு. அறிந்து, எண்ணிச் செய்தால் அது அநீதி. இதே நூலின் வேறோர் இடத்தில் அவர் சொல்வது இன்னும் நுட்பமானது. அறியாமல் ஒரு தீங்கைச் செய்துவிட்டு அதற்காக வருந்துபவன் ஒருவகை. வருந்தாதவன் இன்னொரு வகை. இருவரையும் ஒரே பெயரால் அழைக்கக்கூடாது என்கிறார். செய்தபோது இருவரும் ஒன்றுதான். செயலுக்குப் பின் வரும் வருத்தமே அவர்களைப் பிரிக்கிறது.

அறபு மொழிக்குள் வந்த ஈடிப்பஸ்

அரிஸ்டோட்டிலின் கவிதையியல் நூலை 10ஆம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் சிரியாக் மொழியிலிருந்து அறபுக்குப் பெயர்த்தார். 12ஆம் நூற்றாண்டில் இப்னு றுஷ்த் அதற்கு உரை வரைந்தார். அரங்கில் நடிக்கப்படும் துன்பியலைக் கண்டிராத அவர், அறபுக் கவிதை மரபின் துணைகொண்டு துன்பியலைப் புகழ்ச்சிக் கவிதை என்றும் மகிழ்நெறியை வசைக் கவிதை என்றும் விளங்கிக்கொண்டார். நாடகம் பற்றிய நூல் அறபுலகில் வாசிக்கப்பட்டது; நாடகங்கள் வரவில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1949இல் எகிப்திய நாடகாசிரியர் தௌபீக் அல்-ஹகீம் 'அல்-மலிக் ஊதீப்' என்ற பெயரில் ஈடிப்பஸ் கதையை அறபில் நாடகமாக்கினார். துன்பியல் ஏன் அன்று அறபுக்கு வரவில்லை என்பதை அதன் முன்னுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாடகத்தில் அவர் செய்த மாற்றமே நமது விடயத்துக்கு வேண்டியது. அவரது கதையில் ஊரைப் பயமுறுத்திய விலங்கு ஒரு சாதாரண சிங்கம்தான். விடுகதையும் வீரமும் புனையப்பட்டவை. அரசுரிமையை அந்நியன் ஒருவனுக்குக் கைமாற்றுவதற்காக டிரேசியஸ் என்ற குருட்டுக் குறிகாரன் போட்ட திட்டமே அனைத்துக்கும் தொடக்கம்.

ஹகீம் தன் நாடகத்தில் தேடியவை வேறு: உண்மைக்கும் வாழும் யதார்த்தத்துக்கும் இடையிலான போராட்டம் அவற்றுள் முதன்மையானது. ஆனால் சூழ்ச்சிக்காரன் ஒருவன் உள்ளே வந்தவுடன் வாசகனுக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் கவனித்தேன். குற்றம் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிடுகிறான். பிள்ளைகள் ஈடிப்பஸிடம் பிழை தேடுவதும் இந்த ஆறுதலுக்காகத்தான். எவருடைய பிழையும் இன்றி இவ்வளவு பெரிய துயரம் நேர முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் மறுக்கிறது. ஏற்றுக்கொண்டால் அது நமக்கும் நேரலாம் அல்லவா?

காற்று நின்ற துறைமுகம்

இப்படிச் சொல்வதால் மனிதன் எதற்குமே பொறுப்பில்லை என்று கிரேக்க நாடகாசிரியர்கள் கருதினார்கள் என்று ஆகிவிடாது. கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'அகமெம்னோன்' இதற்குச் சான்று. டிரோய் நகர் மீது படையெடுத்துச் செல்லும் கப்பல்கள் ஔலிஸ் துறைமுகத்தில் எதிர்க்காற்றால் முடங்கிக் கிடக்கின்றன. படைவீரர்கள் பசியால் வாடுகிறார்கள். மகள் இபிஜினியாவைப் பலி கொடுத்தால்தான் காற்று மாறும் என்று குறிகாரன் சொல்கிறான். மகளைக் கொல்வதும் கொடுமை. தன்னை நம்பி வந்த படையைக் கைவிடுவதும் துரோகம். இரண்டில் எதைத் தெரிந்தாலும் கை கறைபடும். இந்தப் பொறியில் அகமெம்னோனை மாட்டிவிட்டது காற்று. அதற்கு அவனைக் குறைசொல்ல இயலாது.

ஈஸ்கிலஸின் பாடற்குழுவினர் அவனைக் குறைசொல்வது வேறொன்றுக்காக. முதலில் அவன் தடியை நிலத்தில் அடித்து அழுகிறான். முடிவெடுத்த பின்னரோ அவனது மனமே மாறிவிடுகிறது. கட்டாயத்தின் நுகத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் அதுவே சரியான செயல் என்பதுபோல் துணிந்துவிடுகிறான். மகளின் அழுகுரல் கேட்காதபடி அவளது வாயைக் கட்டச் சொல்கிறான். அமெரிக்கத் தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் 1986இல் வெளியிட்ட நற்பண்பின் நொய்மை பற்றிய நூலில் இக்காட்சியை நீளமாக ஆராய்ந்தது இக்காரணம் பற்றியே. இக்கட்டில் நம்மை நிறுத்துவது தற்செயலாக இருக்கலாம். அங்கு நின்றுகொண்டு நாம் எப்படி உணர்கிறோம் என்பது நம்முடையது.

பெரிக்கிளிஸின் இன்னொரு மகன்

இனி நாடகத்தைவிட்டு வரலாற்றுக்கு வருவோம். கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரைக் கொள்ளை நோய் தாக்கியது. எவராலும் முன்கூட்டிக் காண முடியாத அந்த அழிவுக்கும் போருக்கும் சேர்த்து மக்கள் பெரிக்கிளிஸ் மீது சினந்து அவரைப் பதவி நீக்கி அபராதம் விதித்தார்கள். ஈட்டிக் கதையைச் சொல்லித் திரிந்த சாந்திப்பஸ் அந்நோயில் இறந்தான். அவனது தம்பி பாராலஸும் இறந்தான். பெற்றோர் இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451இல் சட்டம் கொண்டுவந்தவர் பெரிக்கிளிஸே. வாரிசின்றித் தவித்த அவர் மீது இரங்கி, அஸ்பாசியா என்ற அந்நிய நாட்டுப் பெண்ணிடம் அவருக்குப் பிறந்த மகனுக்கு மக்கள் விதிவிலக்காகக் குடியுரிமை வழங்கினார்கள். அவனுக்கும் பெரிக்கிளிஸ் என்றே பெயர். கி.மு. 429இல் மூத்தவர் காலமானார். மகன் வளர்ந்து தளபதியானான்.

கி.மு. 406இல் லெஸ்பொஸ் தீவுக்கும் ஆசியக் கரைக்கும் இடையிலுள்ள அர்ஜினூசே தீவுகளின் அருகே ஏதென்ஸ் கடற்படை ஸ்பார்ட்டாவின் கடற்படையை முறியடித்தது. எட்டுத் தளபதிகள் அப்போரை நடத்தினார்கள். இளைய பெரிக்கிளிஸ் அவர்களுள் ஒருவன். ஏதென்ஸ் தரப்பில் 25 கப்பல்கள் அழிந்தன. உடைந்த கப்பல்களில் தொற்றிக்கொண்டு கிடந்தவர்களை மீட்க 47 கப்பல்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வேளையில் புயல் எழுந்தது. மீட்கச் செல்ல முடியவில்லை. கடலில் கிடந்தவர்கள் மாண்டார்கள்.

வெற்றிச் செய்தியோடு இச்செய்தியும் நகருக்கு வந்தது. மக்கள் தளபதிகளைப் பதவி நீக்கினார்கள். இருவர் திரும்பி வராமல் தப்பிக்கொண்டார்கள். ஆறு பேர் வந்து மக்கள் சபையின் முன் நின்று, புயலே காரணம் என்றார்கள். மாலுமிகளும் சாட்சி சொன்னார்கள். சபை அவர்கள் பக்கம் சாய்ந்தது என்று செனபோன் எழுதுகிறார். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. வாக்களிக்க உயர்த்தும் கைகளை எண்ண வெளிச்சம் போதவில்லை என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். இன்னும் சற்று வெளிச்சம் இருந்திருந்தால் ஆறு பேரும் பிழைத்திருக்கக் கூடும்.

இடையில் உறவினர் ஒன்றுகூடும் அபாத்தூரியா என்ற திருவிழா வந்தது. கறுப்புடை தரித்து மொட்டையடித்த துக்க வீட்டார் அடுத்த சபைக்குத் திரண்டு வந்தார்கள். மாப்பீப்பாயைப் பற்றி மிதந்து உயிர் தப்பியதாக ஒருவன் வந்து, மூழ்கியவர்கள் தளபதிகள் மீது பழி சொல்லி அனுப்பியதாகக் கூறினான். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல் எல்லோருக்கும் ஒரே வாக்கெடுப்பில் தீர்ப்பு வழங்கும் பிரேரணையைக் கல்லிசெனஸ் என்பவன் கொண்டுவந்தான். அது சட்டத்துக்கு முரணானது. சபையை நடத்தும் குழுவில் அன்று திருவுளச்சீட்டின் மூலம் இடம்பெற்றிருந்த சோக்கிரட்டீஸ் மட்டும் இறுதிவரை உடன்பட மறுத்தார். வெற்றி பெற்றவர்களுக்கு மாலை சூட்ட வேண்டிய நீங்கள் மரணத்தையா கொடுக்கப் போகிறீர்கள் என்று எவ்ரிப்டொலெமஸ் என்பவர் வாதாடினார். ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். கைதவறி எறிபட்ட ஈட்டிக்குப் பொறுப்பு யார் என்று ஒரு நாள் முழுக்கச் சிந்தித்த தந்தையின் மகன், புயலுக்காக உயிரை இழந்தான்.

பின்னர் மக்கள் மனம் வருந்தி, தங்களை ஏமாற்றியவர்கள் மீது வழக்குத் தொடுக்கத் தீர்மானித்தார்கள். கல்லிசெனஸ் ஊராரால் வெறுக்கப்பட்டுப் பசியால் செத்தான். அடுத்த வருடம் கி.மு. 405இல் எய்கொஸ்பொட்டாமியில் ஏதென்ஸ் தன் கடற்படையை இழந்தது. கி.மு. 404இல் சரணடைந்தது.

சோபோக்கிளிஸ் ஒரு காலத்தில் பெரிக்கிளிஸுடன் தளபதியாகப் பணியாற்றியவர். ஏறத்தாழத் தொண்ணூறு வயதில், இந்தச் சம்பவங்கள் நடந்த காலத்தை அண்டியே அவர் காலமானார். பல்லாடியோன் மன்றத்தை நிறுவிய நகரம், துன்பியலை ஆண்டுதோறும் பார்த்து அழுத நகரம், துக்கத்தின் வேகத்தில் தான் கற்ற பாடத்தைக் கைவிட்டது என்பதே இவ்வரலாற்றில் நான் காணும் துயரம். உறவுகளை இழந்தவர்களின் துக்கம் பொய்யன்று. அது தேடிய ஆள்தான் பிழையானவர்.

தொடாத கை

சோபோக்கிளிஸ் தன் இறுதிக் காலத்தில் எழுதிய 'கொலோனஸில் ஈடிப்பஸ்' என்ற நாடகத்தை, தோல்வியுற்ற நகரின் மக்கள் கி.மு. 401இல் பார்த்தார்கள். அதே பெயருடைய அவரது பேரன் அதனை அரங்கேற்றினான். கொலோனஸ் சோபோக்கிளிஸ் பிறந்த இடம். கண்ணிழந்து வயது முதிர்ந்த ஈடிப்பஸ் மகளின் கைப்பிடித்து அங்கு வந்து சேர்கிறான். இந்த ஈடிப்பஸ் தனக்காக வாதாடுகிறான். அறியாமல் செய்தேன், சட்டத்தின் முன் நான் தூயவன், இதோ இப்போது ஒருவன் உங்களைக் கொல்ல வந்தால், நீ என் தந்தையா என்று கேட்டுவிட்டா திருப்பி அடிப்பீர்கள் என்று கேட்கிறான். பல்லாடியோன் மன்றம்கூட இவ்வாதத்தைச் செவிமடுத்திருக்கும்.

ஆனால் நாடகம் அங்கு நின்றுவிடவில்லை. கடத்தப்பட்ட புதல்வியரை ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் மீட்டுக் கொடுக்கிறான். நன்றிப் பெருக்கில் ஈடிப்பஸ் அவனது கையைப் பற்றி முத்தமிடக் கை நீட்டுகிறான். உடனே பின்வாங்குகிறான். கறை படிந்த நான் உன்னை எப்படித் தொடுவேன், வேண்டாம் என்று மறுத்துவிடுகிறான். குற்றமற்றவன் என்று சற்று முன்னர்தான் வாதாடினான். அந்த வாதமும் உண்மை. இந்தப் பின்வாங்கலும் உண்மை. இரண்டும் ஒருவனுக்குள் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க முடியும் என்பதைச் சோபோக்கிளிஸ் காட்டுகிறார்.

1976இல் பிரித்தானியத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸும் அமெரிக்கரான தொமஸ் நாகெலும் அறத்தில் தற்செயலின் பங்கு பற்றி ஒரே அமர்வில் கட்டுரைகள் வாசித்தார்கள். இன்றைய விவாதங்கள் பலவற்றுக்கும் அதுவே ஊற்று. வில்லியம்ஸ் தந்த உதாரணம் ஒரு லொறிச் சாரதி. அவன் கவனமாகவே ஓட்டுகிறான். குறுக்கே ஓடி வந்த பிள்ளை அடிபட்டு இறந்துவிடுகிறது. உன்னில் பிழையில்லை என்று எல்லோரும் அவனுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவன் உடனே அதனை ஏற்றுக்கொண்டு, ஆமாம், என்னில் பிழையில்லை என்று தேநீர் குடிக்கப் போய்விட்டால் அவனைப் பற்றி நமக்கு ஏதோ நெருடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களின் வருத்தம் வேறு. அவனது வருத்தம் வேறு. அந்திபோனின் ஈட்டி இருபத்துநான்கு நூற்றாண்டுகள் கடந்து லொறியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தகைய ஒருவரோடு ஊர் எப்படி நடந்துகொள்வது என்பதே எஞ்சும் கேள்வி. புயலுக்கு ஆள் தேடிய சபையைப் போல நடந்துகொள்ளலாம். ஒன்றுமே நடக்கவில்லை என்று அவரது வாயை அடைத்தும் விடலாம். தீசியஸ் இவ்விரண்டையும் செய்யவில்லை. தானும் அந்நிய மண்ணில் அலைந்து வளர்ந்தவன் என்பதை நினைவுகூர்ந்து, அந்த முதியவனுக்குத் தன் நாட்டில் இடம் கொடுத்திருந்தான். ஈடிப்பஸ் கையை இழுத்துக்கொண்டபோது, பரவாயில்லை, தொடு என்று அவன் வற்புறுத்தவும் இல்லை. விலகிச் செல்லவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றான், கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினான்.